சங்கு கேட்காத கரை

“…அதெல்லாம் வேணாம்ப்பா, உன் மூஞ்சியப் பாத்தாலே போதும், எனக்கு சங்கு கேட்ட மாதிரிதான்” என்றார் ஜெசிந்தா அக்கா. காற்றில் அவருடைய முந்தானை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. என் காலடியில் பெரிய கட்லா மீன் ஒன்று செவுளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கரையில் நாங்கள் நான்கு பேர். மூன்று பேருடைய பார்வையும் என் முகத்தின் மேல். அதைச் சொல்லிவிட்டு அக்கா என்ன செய்தார் என்பதை இப்போதே சொல்லிவிடலாம்தான். ஆனால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். எனக்கு நேராகப் பேசவும் வராது. “பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டா ஊர்க் கதைய சொல்லுவீங்க, அதுக்குள்ள பஸ்ஸு போயிரும்” என்று என் மனைவி சொல்வாள்.

இன்று காலை வேலைக்குப் போகும்போது சேரப்பணஞ்சேரித் திருப்பத்தில் கன்டெய்னர் லாரி ஒன்று முன்னுக்கும் பின்னுக்குமாகத் தவித்து ரோட்டை அடைத்துக்கொண்டது. பைக்கை அணைத்துவிட்டுக் காலை ஊன்றி நின்றேன். மார்கழி முடிகிற நாட்களின் வாடைக்காற்று. நம் பக்கத்துக் குளிரெல்லாம் ஒரு குளிரா என்று கேட்பீர்கள். குளிர் சின்னதுதான், காற்றுதான் அதைப் பெரிதாக்கும், கல்யாண வீட்டுச் சண்டையைச் சொந்தக்காரர்கள் பெரிதாக்குகிற மாதிரி. பக்கத்தில் மாட்டுத் தீவனக் கடை. யாரோ கடலைப் பிண்ணாக்கை வாளியில் ஊறப் போட்டிருந்தார்கள். அந்த வாசனை வந்து மூக்கில் ஏறிய நேரத்தில் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. பொங்கலுக்கு நான் கேட்டிருந்த லீவு கிடையாது என்று கம்பெனி ஆப் சொன்னது. ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்குள் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பிண்ணாக்கு வாசனையும் பொங்கல் லீவும் சேர்ந்து வந்தால் எனக்கு ஞாபகம் வர ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது.

அப்போது ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இருந்தேன். லைனில் இருந்து வருகிற பாகத்தைத் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் சிவப்புப் பெட்டி, இல்லாவிட்டால் பச்சைப் பெட்டி. நாளெல்லாம் அடுத்தவன் குறையைப் பார்க்கிற வேலை. அந்தக் கம்பெனியில் பொங்கல் வந்தால் ஒரு சிக்கல். லைன் நிற்கக்கூடாது. அதனால் லைனுக்கு ஒருத்தருக்குத்தான் போகியில் இருந்து காணும் பொங்கல் வரை சேர்ந்தாற்போல லீவு. “யாருன்னு நீங்களே பேசிக்கினு ஒரு பேரு குடுங்க” என்று சூப்பர்வைசர் கையைக் கழுவிவிடுவார்.

பேசிக்கொள்வதாவது! முதல் வருஷம் ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். சாப்பாட்டு நேரமே ஒப்பாரி மேடையாகிப் போனது. ஒருத்தருக்கு நெஞ்சுவலி என்றால் இன்னொருத்தருக்கு அதைவிடப் பெரிய நெஞ்சுவலி. தூத்துக்குடிக்காரன் செல்வின், வெல்டிங் பார்க்கிறவன், தாத்தா இறந்துவிட்டார் என்று கண்ணைத் துடைத்தான். அதே தாத்தா தீபாவளிக்கும் இறந்திருந்தார். “உங்க தாத்தா ரொம்ப கஷ்டப்பட்டு சாவறாரு போல கீதே” என்று ஜெசிந்தா அக்கா சொன்னதும் செல்வினே சிரித்துவிட்டான். அடுத்த வருஷம் ஒருத்தர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். அதைவிட மோசம் அது. வருஷம் முழுக்க “நான் வுட்டுக்குடுத்த லீவுதானே” என்று சொல்லியே வாங்கினவரை வறுத்தெடுத்துவிட்டார்.

அப்புறம்தான் அக்கா ஒரு வழி சொன்னார். “துக்கத்த எந்தத் தராசுல நிறுப்ப? மீனுன்னா நிறுக்கலாம்.”

பேக்கிங் பிரிவில் இருந்த ஜெசிந்தா அக்காவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டிய வயது. அதற்கு முன்னால் பல வருஷம் பிரஸ் ஷாப்பில், இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவர். பென்னலூரில் எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி அவர் வீடு. இரண்டு குடும்பமும் ஒரே சர்ச்சுக்குத்தான் போவோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தூண்டில் கழியோடு கிளம்பிவிடுவார். எதைச் சொன்னாலும் ஒரு பழமொழி மாதிரி சொல்வார். பாதி அவரே கட்டினது என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இப்படித்தான் பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மீன் பந்தயம் வழக்கத்துக்கு வந்தது. லீவு வேண்டியவர்கள் சேரப்பணஞ்சேரிப் பக்கத்து ஏரிக்கரையில் உட்கார வேண்டும். காலை ஆறு மணி சங்கில் இருந்து மதியம் இரண்டு மணி சங்கு வரை, அதாவது முழுசாக ஒரு ஷிஃப்ட். ஏரிக்குப் பின்னாலேயே எங்கள் கம்பெனி; அங்கே வாட்ச்மேன் கையால் அழுத்தி ஊதுகிற சைரனைத்தான் சங்கு என்போம். கட்லா, ரோகு, மிர்கால் என்று கெண்டை ஜாதி மீன் மட்டும்தான் கணக்கு. ஜிலேபி மீனைச் சேர்ப்பதில்லை, அது வெறுங்கையை விட்டாலும் வந்து கடிக்கும். மொத்த எடை யாருக்கு அதிகமோ அவர் பெயர் சூப்பர்வைசருக்குப் போகும். சங்குக்கு முன்னால் கரையேறின மீன்தான் மீன். ஜெயித்தவர் லீவை அடுத்தவருக்குத் தூக்கிக் கொடுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: எதற்காக லீவு என்று எடை போடும்வரை யாரும் வாயைத் திறக்கக்கூடாது.

அந்த வருஷம் போட்டியில் மூன்று பேர். செல்வின், ஜெசிந்தா அக்கா, நான். நடுவர் எத்திராஜ். எங்கள் லைனில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர், சேரப்பணஞ்சேரிக்காரர், ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு அண்ணன் மகன். நிறுத்த மீனைத் திரும்ப ஏரியிலேயே விட்டுவிட வேண்டும் என்பது குத்தகைக்காரர் போட்ட நிபந்தனை. எத்திராஜ் எல்லோருடைய கைபேசியையும் வாங்கி ஒரு துணிப்பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிடுவார். போன தடவை செல்வின் ஊரில் இருக்கிற மாமாவுக்கு வீடியோ கால் போட்டு, “மாமா, தண்ணி இந்தக் கலர்ல இருக்கு, என்ன இரை போட?” என்று கேட்டுவிட்டான்.

என் காரணத்தை உங்களிடம் சொல்லலாம். எனக்குக் கல்யாணமாகி ஒன்றேகால் வருஷம் ஆகியிருந்தது. மனைவி திருநெல்வேலிப் பக்கம். பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்த்தவள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அவர்கள் வீட்டில் கோயிலுக்குப் போகிறவர்கள். பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டோம். அன்றிலிருந்து அவள் அப்பா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மார்கழி நடுவில் ஒரு நாள் அவள் அம்மாவின் போனை வாங்கி அவரே பேசினார். ஒரே ஒரு வாக்கியம். “பொங்கலுக்கு ரெண்டு பேரும் வந்தா வரட்டும்.” போனை வைத்துவிட்டார். அவள் அந்த வாக்கியத்தை எனக்கு எத்தனை தடவை சொல்லிக் காட்டினாள் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு சொல்லில் அழுத்தம் கொடுத்து. கடைசியில் ‘ரெண்டு பேரும்’ என்ற சொல்லில் வந்து நின்றாள். நான் வராமல் அவள் போகமாட்டாள். போகாவிட்டால், இன்னொரு தரம் கூப்பிடுகிற மனுஷன் இல்லை அவர்.

ஆகையால் அன்றைக்கு ஐந்தரை மணிக்கே ஏரிக்கரையில் இருந்தேன். தவிடும் பிண்ணாக்கும் பிசைந்த வாளி, மண்புழு டப்பா, ரீல் வைத்த கழி, அதன் நுனியில் ஆட்டுக்குட்டிக் கழுத்தில் கட்டுகிற சின்ன வெண்கல மணி. மீன் இழுத்தால் மணி அடிக்கும், நாம் ஓடிப்போய்ப் பிடிக்கலாம். தரம் பார்க்கிறவன் புத்தி அது. சத்தம் வந்தால்தான் நம்பும்.

“அக்கா, நீ ஒரு மணி கட்டேன்” என்றேன். அக்கா எப்போதுமே கட்டுவதில்லை.

“மணி சர்ச்சுல இருக்கட்டும்ப்பா. மீன் பிடிக்க விரலு போதும்.”

எத்திராஜ் எங்கள் கம்பெனி அடையாள அட்டைகளை ஒரு ஹெல்மெட்டுக்குள் போட்டுக் குலுக்கி இடம் பிரித்தார். அக்காவுக்கு வடகிழக்கு மூலை. பின்னால் கரை உயரமாக, அதன் மேல் அடர்ந்த வேலிகாத்தான் புதர். செல்வினுக்கு மதகுப் பக்கம். எனக்குத் தென்மேற்கு மூலை, ஒரு செடி இல்லாத மொட்டைக் கரை.

“இன்னா தலைவா, கன்யாகுமரி பீச்சு கெடச்சிருக்குது உனுக்கு” என்றார் எத்திராஜ்.

ஆறு மணிச் சங்கு சுத்தமாகக் கேட்டது. அப்போது ஏரி கண்ணாடி. எட்டு மணி வாக்கில் காற்று எழுந்தது.

எழுந்தது என்றால், யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி. வடகிழக்கில் இருந்து ஏரியின் முழு நீளத்தையும் உழுதுகொண்டு நேராக என் மூஞ்சிக்கு வந்தது. அக்காவுக்குப் புதர் காற்றை மறைத்தது, அவர் பக்கத்துத் தண்ணீரில் சுருக்கமே இல்லை. என் பக்கம் அலை கரையில் மோதித் தெறித்தது. என் மணி அடித்தது. ஓடினேன். ஒன்றுமில்லை, காற்று. திரும்ப அடித்தது. ஓடினேன். காற்று. பத்து தடவை ஓடிய பிறகு பதினோராவது தடவை உட்கார்ந்தே இருந்தேன். அது மீன். முள்ளில் வைத்த இரையைக் காணோம். அரைமணி கழித்து இன்னொன்றும் அப்படியே போனது. எதிர்க்கரையில் அக்கா அதற்குள் இரண்டு மீனை இழுத்து வலைப்பையில் போட்டுவிட்டார். வலைப்பையைத் தண்ணீரிலேயே கட்டியிருந்தோம், மீன் உயிரோடு இருக்கவேண்டும் என்று.

எத்திராஜ் கம்பளி மஃப்ளரைக் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். “அக்கா உன்னாண்ட ஒண்ணு சொல்லச் சொல்லிச்சு. ‘வருஷமெல்லாம் அழுவுற கொழந்த எப்ப பசிக்கு அழுவுதுன்னு எவனுக்குத் தெரியும்?’ அப்டீன்னு.”

எரிச்சலாக வந்தது. ஆனால் புரிந்தது. மணியை அவிழ்த்து சட்டைப்பையில் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காற்றோடு ஒழுங்காக மல்லுக்கு நின்றேன். தக்கை அலையில் ஓடி ஓடி இரையையும் கூடவே இழுத்தது. தக்கையைக் கழற்றிவிட்டு இரையைத் தரையோடு படுக்க வைத்தேன். எடைக்குக் கட்டியிருந்த ஈயம் போதவில்லை. பைக் டூல் பெட்டியில் கிடந்த பழைய நட்டு ஒன்றைச் சேர்த்துக் கட்டினேன். அப்படியும் தண்ணீருக்கு மேலே நிற்கிற தூண்டில் நரம்பைக் காற்று பிடித்து வில்லாக வளைத்தது. கழியின் நுனியை ஒரு முழம் தண்ணீருக்குள் முக்கி, ரீலை நாலு சுற்றுச் சுற்றினேன். நரம்பு மொத்தமும் அடியில் போனது. காற்றுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கழியை அப்படியே தாழ்த்தி வைத்துக்கொண்டு நரம்பை ஆள்காட்டி விரலில் ஏந்தி உட்கார்ந்தேன். சிமெண்ட் சாக்கு ஒன்றை இரண்டு குச்சியில் மாட்டி முழங்காலுக்குத் தடுப்பு. நனைந்த விரல் காற்றில் மரத்துப்போகும். அக்குளில் வைத்துச் சூடேற்றி, மாற்று விரலில் ஏந்துவேன்.

இன்னொரு தப்பையும் செய்திருந்தேன். விடியற்காலையிலேயே பிண்ணாக்கு உருண்டையை உருண்டையாக எறிந்து விருந்து வைத்துவிட்டேன். குளிர்ந்த தண்ணீரில் மீனுக்குப் பசி குறைவு. “வாடையில மீனுக்கு இலை போடாத, ஒரு வாய் ஊட்டு” என்பது அக்கா எப்போதும் சொல்வதுதான். போட்டிக்கு முந்தின நாள்வரை அதை அவருடைய எத்தனையோ சொலவடைகளில் ஒன்றாகத்தான் ரசித்திருந்தேன். ரசிப்பது வேறு, கேட்டு நடப்பது வேறு. இப்போது கோலிக்குண்டு அளவில், கரைந்து ஓடாமல் இருக்கக் களிமண் சேர்த்துப் பிசைந்து, அரைமணிக்கு ஒன்று போட்டேன்.

பத்தரை வாக்கில் விரலில் ஒரு உரசல். மிர்கால். உச்சிப்பொழுதில் ஒரு ரோகு. நடுவில் எண்ணமுடியாத ஜிலேபிகள். வெயில் ஏறியதும் ஒன்று கவனித்தேன். காற்று ஏரியின் மிதப்பையெல்லாம், நுரை, பூச்சி, வேலிகாத்தான் பூ, அக்காவும் செல்வினும் போட்ட தவிடு உட்பட, என் மொட்டைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்திருந்தது. எதிர்க்கரையில் அக்காவின் கை ஓய்ந்திருந்தது. மீன் சாப்பாட்டின் பின்னால் போய்விட்டது.

ஒரு மணி வாக்கில் எத்திராஜ் ஒரு சுற்று எடை போட்டார். அக்கா ஐந்து கிலோ இருநூறு. நான் இரண்டு எண்ணூறு. செல்வின் ஒன்றரை.

“லேய் மக்கா, எனக்குக் காத்து பின்னங்கழுத்துல அடிக்கி, மீனு முன்னால சிரிக்கி” என்று கத்தினான் செல்வின். அவன் தோற்றது அவனுக்கே தெரிந்துவிட்டது. அதனால் சத்தம் கூடிவிட்டது.

எனக்கு இரண்டு கிலோ நானூறுக்கு மேல் வேண்டும். ஒரு மணி நேரம் இருக்கிறது. ‘வந்தா வரட்டும்’ என்ற குரல் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அவர் குரலையே கேட்டதில்லை. மனைவி பேசிக் காட்டிய குரல்தான்.

எத்தனை மணி என்று தெரியாது. நிழலைப் பார்த்தால் இரண்டை நெருங்கியிருக்க வேண்டும். விரலில் இருந்த நரம்பு லேசாகத் தளர்ந்தது. இழுக்கவில்லை, தளர்ந்தது. பெரிய மீன் நம்மை நோக்கி வந்தால் அப்படித்தான். ஒரு மூச்சு பொறுத்து, காற்றுக்கு அடியிலேயே, கழியைப் பக்கவாட்டில் வீசி இழுத்தேன். ஏரியின் தரையையே கொக்கி போட்டு இழுத்த மாதிரி இருந்தது. பிறகு தரை நகர்ந்தது.

ரீல் கிறீச்சிட்டது. செல்வின் மதகில் இருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தான். எத்திராஜ் வந்தார். சற்றுப் பொறுத்து அக்காவும் கரையைச் சுற்றி நடந்து வந்து, எனக்கு வலது பக்கம் நாலைந்து அடி தள்ளி, என்னைப் பார்த்தபடி நின்றார். யாரும் மீனைத் தொடக்கூடாது. பிடித்தவனே கரையேற்ற வேண்டும். “விடு, விடுல! இழு, இழுல!” என்று செல்வின் இரண்டையும் ஒரே நேரத்தில் சொன்னான். மீன் காற்றோடு போனால் நரம்பு தளர்ந்தது, காற்றை எதிர்த்துப் போனால் வீணைத் தந்தி மாதிரி முனகியது. கழியை உயர்த்தினால் காற்று பிடுங்கியது, தாழ்த்தினால் மீன் பிடுங்கியது. இடுப்பளவு சாய்ந்து, கழியைத் தண்ணீரோடு படுக்க வைத்து, அங்குலம் அங்குலமாகச் சுற்றினேன். அலைக்குள் வெள்ளையாக ஒரு வயிறு புரண்டது. கட்லா, மூன்று கிலோவுக்குக் குறையாது.

அப்போதுதான் அது கேட்டது.

மெலிதாக. நாலு வீடு தள்ளி யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்த மாதிரி. என் முதுகுக்குப் பின்னால் இருந்து, காற்றை எதிர்த்து நீந்தி வந்து, சட்டென்று அறுந்துபோனது. மீன் கரைக்கு இரண்டு கழி நீளம் தள்ளி இருந்தது.

நான் சுற்றுவதை நிறுத்தவில்லை.

மீனின் செவுளுக்குள் விரலைக் கொடுத்துத் தூக்கி ஈர மண்ணில் போட்டபோது செல்வின் ஆட்டமே ஆடினான். எத்திராஜ் மட்டும் கம்பெனிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “யோவ், சங்கு ஊதிட்டானா இன்னும் இல்லியா?”

துணிப்பையின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்து ஒரு கைபேசியை எடுத்தார். இரண்டு மணி மூன்று நிமிஷம். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எங்கள் வாட்ச்மேன் ஒன்று ஐம்பத்தெட்டுக்கும் ஊதுவார், டீ குடித்துக்கொண்டிருந்தால் இரண்டு ஐந்துக்கும் ஊதுவார்.

“எனக்கு மஃப்ளருப்பா, ஒண்ணும் கேக்கல. செல்வினு?”

“எனக்கு என் சத்தத்துல எனக்கே ஒண்ணும் கேக்கலண்ணே.”

என்னை எத்திராஜ் கேட்கவில்லை. போட்டியில் இருக்கிறவனிடம் கேட்பதில் என்ன இருக்கிறது என்று விட்டிருப்பார். அக்காவும் போட்டியில் இருக்கிறவர்தான். ஆனால் அக்கா வேறு. “அக்கா, நீ இன்னா சொல்றியோ அதான். சங்கு ஊதிச்சா?”

ஊதிச்சு என்று ஒரு சொல் சொன்னால் போதும், லீவு அவருடையது. மறுத்துப் பேச ஆளில்லை. நான் என் காலடியில் இருந்த மீனைப் பார்த்தேன்.

அக்கா சொன்னார்: “எனக்கு சங்கு கேட்டு ரெண்டு வருசம் ஆவுதுப்பா.”

எங்களுக்குப் புரியவில்லை.

“பிரஸ் ஷாப்புல உட்டுட்டு வந்துட்டேன். பக்கத்துல பேசுனா வாயப் பாத்துப் புரிஞ்சிக்குவேன். தூரத்து சத்தம், மெல்லிசு சத்தம் ஒண்ணும் வராது. மணி எதுக்குக் கட்டலன்னு நெனச்சீங்க, திமிருன்னா?”

“அப்பறம் எப்டிக்கா லைன்ல சங்கு ஊதுனா கரெக்டா கைய எடுக்குற?” என்றார் எத்திராஜ்.

“உங்க மூஞ்சிய வெச்சித்தான். சங்கு ஊதுனா எல்லார் மூஞ்சியும் ஒரு மாதிரி ஆவும். உங்களுக்கே தெரியாது. பிடிச்சிக்கினு இருந்தத வுட்ட மாதிரி.” அவர் என்னைப் பார்த்தார். “இவன் மீன் இழுக்க சொல்ல நான் மீன பாக்கல. இவன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன்.”

காற்று ஒரு தரம் ஓங்கி அடித்து என் சாக்குத் தடுப்பைப் பிடுங்கிக்கொண்டு போனது. யாரும் அதைப் பிடிக்கப் போகவில்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொங்கலுக்கு நான் திருநெல்வேலி போகவில்லை. ஜெசிந்தா அக்கா லீவு எடுத்துக்கொண்டார். எடை போட்ட பிறகு காரணம் சொல்லலாம் என்பது வழக்கம். செல்வின் தன் காரணத்தைச் சொன்னான்: “நாலு நாளு தூங்கணும்ணே, அவ்வளவுதான்.” நான் என்னுடையதைச் சொல்லவில்லை. சொன்னால் லீவு கேட்கிற மாதிரி ஆகிவிடும். அக்காவும் சொல்லவில்லை. உள்ளூரிலேயே இருக்கிற மனுஷிக்குப் பொங்கலுக்கு நாலு நாள் எதற்கு என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றியதும் இல்லை. தெரியாமல் இருப்பதும் ஒரு மரியாதைதான்.

மனைவியிடம் அன்று மாலையே எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு உள்ளே வந்து, “பொய் சொல்லிட்டு வந்திருந்தீங்கன்னா எங்கப்பா ஒரே பார்வையில கண்டுபிடிச்சிருப்பாரு. அவரும் தூண்டி போடுத ஆளுதான்” என்றாள். சமாதானத்துக்குச் சொன்னாளா, கோபத்தில் சொன்னாளா என்பதை நான் பிரித்துப் பார்க்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு அழைப்பு வரவில்லை. அதற்கு அடுத்த வருஷம் அவரே ஒரு சாக்குப் பனங்கிழங்கோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அது வேறு கதை.

அக்காவின் காதைப் பற்றி நாங்கள் மூன்று பேரும் வெளியே மூச்சு விடவில்லை. லைனில் சங்கு ஊதுகிற நேரம் வந்தால் செல்வின் வேண்டுமென்றே அவர் பக்கம் திரும்பி, மூஞ்சியை ஒரு முழத்துக்குத் தொங்கவிட்டுக் காட்டுவான். அக்கா சிரித்துக்கொண்டே வேலையில் இருந்து கையை எடுப்பார். ஒன்றரை வருஷம் அப்படி ஓடியது. பிறகு எல்லோருக்கும் காது பரிசோதனை என்று ஒரு வண்டி வந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கூண்டுக்குள் பார்க்க ஒரு மூஞ்சியும் இல்லை. அக்கா அந்த மாதமே நின்றுவிட்டார்.

இப்போது அந்த ஏரிக்கு வேலி போட்டிருக்கிறார்கள். வேலிகாத்தான் இருந்த மேட்டில் ஒரு கிடங்கு. செல்வின் ஓசூரில் இருக்கிறான். எத்திராஜ் வேன் ஓட்டுகிறார். நான் இப்போது இருக்கிற கம்பெனியில் சங்கே இல்லை. ஷிஃப்ட் முடிந்தால் அவரவர் சட்டைப்பையில் அவரவர் கைபேசி அதிர்கிறது. ஒருத்தருக்கு முடிந்தது என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. லீவும் அதே பையில்தான் வருகிறது, இல்லையென்றும் அதே பையில்தான். அந்த வெண்கல மணி மட்டும் என் பைக் சாவியில் தொங்குகிறது. இன்று காலை கன்டெய்னர் லாரி ஒருவழியாக நகர்ந்து, நான் சாவியைத் திருப்பியபோது ஒரு தரம் அடித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பழக்கம்.

சரி, கரைக்கு வந்துவிட்டேன்.

மீன் செவுளைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. எத்திராஜின் கையில் தராசு. “அப்போ இவன் மூஞ்சி இன்னாக்கா சொல்லிச்சு? நீயே சொல்லிடு” என்கிறார். செல்வின் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருக்கிறான். நான் ஏதோ சொல்ல வாயெடுக்கிறேன். என்ன சொல்ல வந்தேன் என்று சத்தியமாக இப்போது ஞாபகம் இல்லை, உண்மையாகவும் இருக்கலாம், “காத்துல எனக்கும் ஒண்ணும் கேக்கலக்கா” என்பதாகவும் இருக்கலாம். அக்கா கையைக் காட்டி நிறுத்துகிறார். அதெல்லாம் வேணாம்ப்பா, உன் மூஞ்சியப் பாத்தாலே போதும், எனக்கு சங்கு கேட்ட மாதிரிதான் என்கிறார்.

அதைச் சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, என் முகத்தில் இருந்து கண்ணை எடுத்தார். நான் சொல்லப்போவது எதுவாக இருந்தாலும் தனக்குக் கேட்காதபடி, எனக்கு முதுகைக் காட்டி, ஏரியைப் பார்த்து, காற்று முழுவதையும் தன் முகத்தில் வாங்கிக்கொண்டு நின்றார்.